கேரம் பலகைக்குப் பக்கத்து வரியில் கன்சோல்

வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்குப் பொருட்களைப் பெயரால் அறிவதைவிட எண்ணால் அறிவதே வழக்கமாகிவிடும். நாகர்கோவிலில் என்னிடம் கணக்குக் கொடுத்திருக்கும் கடைகளுள் ஒன்று மின்னணுப் பொருட்கள் விற்பது. அதன் கொள்முதல் பட்டியல்களைச் சரிபார்க்கும்போது 9504 என்று தொடங்கும் வரிகளில் மட்டும் என் கண் தேவைக்கு அதிகமாகவே நிற்கும். வீடியோ கேம் கன்சோல்களுக்கு, அதாவது தொலைக்காட்சியில் இணைத்து ஆட்டம் ஆடும் கருவிகளுக்கு, உரிய எண் அது. நாற்பதைக் கடந்த நான் அப்படியொரு கருவியை எனக்கென்றே வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன்; அதைப் பார்க்கும் உறவினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

தக்கலையிலிருந்து வந்திருந்த பெரியம்மா, தொலைக்காட்சிக்குக் கீழே நின்ற அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு வாங்கினதா மக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். "பிள்ளையளுக்க விளையாட்டுச் சாமான் இந்த வயசுல உனக்கு என்னத்துக்குடே?" என்று சிரித்தார். பெரியம்மா சிரித்துக்கொண்டு கேட்டதைப் படித்தவர்கள் சிரிக்காமல் கேட்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. கன்சோல் ஒரு விளையாட்டுப் பொருள் என்பதை நான் மறுக்கவில்லை. அது சிறுவர்களுக்கான விளையாட்டுப் பொருள் என்பதைத்தான் மறுக்கிறேன். அமெரிக்கக் கடைக்காரர்களின் அச்சத்தைப் போக்குவதற்காக 1985ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் செய்துகொண்ட வியாபார ஏற்பாடு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நம் வீடுகளில் இயற்கை விதியைப் போல நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கையால் அதிகம் கெடுவது பெரியவர்களின் மானம் அன்று, சிறுவர்களின் பாதுகாப்பு என்பது என் கருத்து.

முதலில் எனக்குப் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்குகிறேன். உலகச் சுங்க அமைப்பு வகுத்துள்ள பொருள் வகைப்பாட்டில் 95ஆம் அத்தியாயம் பொம்மைகள், விளையாட்டுகள், விளையாட்டுச் சாதனங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசுகிறது. அத்தியாயத்தின் பெயரை மட்டும் படிப்பவர் பெரியம்மாவின் பக்கம் சேர்ந்துவிடுவார். உள்ளே நுழைந்து பார்த்தால் செய்தி வேறு. மூன்று சக்கர மிதிவண்டியும் பொம்மையும் புதிர்க் கட்டைகளும் 9503 என்ற தலைப்பில் இருக்கின்றன. கன்சோல் அங்கே இல்லை. அது 9504இல் இருக்கிறது. அதே தலைப்பில் அதனுடன் இருப்பவை சீட்டுக்கட்டு, பில்லியர்ட்ஸ் மேசைக்குரிய பொருட்கள், காசு போட்டு ஆடும் இயந்திரங்கள், சூதாட்ட விடுதிகளுக்கான மேசைகள் ஆகியவை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கன்சோலுக்கென்று 9504 50 என்ற தனி உட்பிரிவும் வந்தது. நம் நாட்டுச் சுங்க அட்டவணையில் இதே 9504இன் கீழ்தான் சதுரங்கமும் கேரம் பலகையும் வருகின்றன.

இந்த அட்டவணையை எழுதியவர்கள் விளையாட்டின் தத்துவத்தைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் எந்த ஊர் மன்றத்திலும், எந்த விளையாட்டுக் கழகத்தின் ஓட்டுக் கூரைக்குக் கீழும், மாலையில் ஒரு கேரம் பலகையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் ரப்பர் வெட்டப் போகிறவர், ஒருவர் அரசுப் பேருந்தில் நடத்துநர், ஒருவர் பேரன் எடுத்தவர். போரிக் பவுடரைத் தூவிக்கொண்டு அவர்கள் மணிக்கணக்கில் ஆடும்போது, சிறுபிள்ளைகளின் சாமான் இந்த வயதில் எதற்கு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சிறுவரும் ஆடலாம், பெரியவரும் ஆடலாம், ஆட்டம் ஒன்றே, திறமைதான் வேறு என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். கன்சோலுக்கு மட்டும் அந்த ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை.

வரி விதித்தவர்களும் அதைச் சிறுவர் பொருளாகக் கருதவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது சீட்டுக்கட்டுக்கும் சதுரங்கத்துக்கும் கேரம் பலகைக்கும் 12 விழுக்காடு. கன்சோலுக்கு ஆடம்பரப் பொருட்களோடு சேர்த்து 28 விழுக்காடு. 2018 டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம்தான் அதை 18ஆகக் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய பொம்மைப் பாதுகாப்பு நெறிமுறை இன்னும் வெளிப்படையானது. எவையெல்லாம் பொம்மைகளாகக் கருதப்பட மாட்டா என்று அதன் இணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. சிறுவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை நீங்கலாக, கணினிகளும் கேம் கன்சோல்களும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் 2021 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கிய ஆணையும், 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடுவதற்கென்று செய்யப்பட்டதையே பொம்மை என்கிறது.

அப்படியானால் பிள்ளைகளின் சாமான் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பிறப்பிலிருந்து வரவில்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டம் ஆடலாம் என்ற எண்ணத்தை 1966இல் எழுதி வைத்த ரால்ஃப் பேர், படைத்துறைக்கு மின்னணுக் கருவிகள் செய்துகொடுத்த ஒரு நிறுவனத்தின் பொறியாளர். அவருடைய முயற்சியின் விளைவாக 1972இல் மேக்னவாக்ஸ் ஒடிஸி என்ற முதல் வீட்டுக் கன்சோல் விற்பனைக்கு வந்தது. அந்தப் பெட்டிக்குள் கருவியோடு பகடைகளும், சீட்டுகளும், பந்தயத்துக்குரிய வில்லைகளும், விளையாட்டுப் பணமும் இருந்தன. குடும்பம் முழுவதும் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஆட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் அதை எண்ணியிருக்கிறார்கள். அதே ஆண்டில் அட்டாரி நிறுவனம் பாங் என்ற ஆட்டத்தின் முதல் இயந்திரத்தைச் சோதனைக்காக வைத்த இடம் கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடை. சில நாட்களில் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று அழைப்பு வர, போய்த் திறந்து பார்த்தபோது சில்லறை நிரம்பி வழிந்ததே கோளாறு என்று தெரிந்த கதை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. மதுக்கடைக்குச் சில்லறையோடு வந்தவர்கள் சிறுவர்கள் அல்லர்.

திருப்பம் 1983இல் நேர்ந்தது. யார் வேண்டுமானாலும் ஆட்டம் தயாரித்து விற்கலாம் என்ற நிலையில் அமெரிக்கச் சந்தை தரமற்ற ஆட்டங்களால் நிரம்பியது; வாங்க ஆளில்லாமல் கடைக்காரர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள்; ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த வணிகம் இரண்டே ஆண்டுகளில் 10 கோடி டாலர் அளவுக்குச் சரிந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே கடைக்காரர்கள் கதவை அடைத்த அந்தச் சமயத்தில்தான், கியோட்டோவில் 1889இல் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கப்பட்ட நிண்டெண்டோ, ஜப்பானில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த தன் கருவியோடு அமெரிக்காவுக்குப் போக நினைத்தது. ஜப்பானில் அக்கருவிக்கு ஃபேமிலி கம்ப்யூட்டர் என்று பெயர். அமெரிக்காவில் அது 1985இல் இறங்கியபோது கூடவே ஒரு சின்ன ரோபோவும் பெட்டியில் வந்தது. வீடியோ கேமை வாங்கி அடுக்க மறுத்த கடைக்காரர், ரோபோ பொம்மையை வாங்கி அடுக்கத் தயங்கவில்லை. அந்த ரோபோவைக் கொண்டு ஆடக்கூடியதாகக் கடைசிவரை வந்தவை இரண்டே ஆட்டங்கள். கருவி கடைக்குள் நுழைந்தபின் ரோபோவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கருவி மட்டும் பொம்மை அலமாரியிலேயே தங்கிவிட்டது.

நம் மாவட்டத்துக்கு அது வந்த வழியைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் இங்கே பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருந்தார். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வாடகை வண்டியின் மேல் கட்டி வரும் பெட்டிகளில், போர்வைக்கும் பால்பவுடர் டப்பாவுக்கும் டேப் ரிக்கார்டருக்கும் நடுவே, நிண்டெண்டோவின் கருவியைப் பார்த்து யாரோ செய்த நகல் ஒன்று இருக்கும். நாங்கள் அதை டிவி கேம் என்றோம். ஆட்டம் அடங்கிய பொருளைக் கேசட் என்றோம். கையில் பிடிப்பதை ரிமோட் என்றோம். கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும்; இருந்தவை சில பத்துகளே, மீதியெல்லாம் அவற்றின் மறுபதிப்பு. விசைப்பலகை வடிவத்தில் வந்தவற்றைக் கம்ப்யூட்டர் கற்கலாம் என்று சொல்லி விற்றார்கள், அதை நம்பி வாங்கிய தகப்பன்மாரும் உண்டு.

அந்தக் கருவியோடு வந்த துப்பாக்கியைப் பற்றிச் சில வரிகள் எழுதாமல் போக மனம் வரவில்லை. வாத்தைச் சுடும் ஆட்டத்துக்கு உரியது அது. துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒளி பாய்ந்து திரையில் படுகிறது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மையில் துப்பாக்கி எதையும் அனுப்புவதில்லை. பார்க்க மட்டுமே செய்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுதும் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றும். குழலின் முனையில் உள்ள ஒளி உணரிக்கு முதலில் இருளும் உடனே வெளிச்சமும் தெரிந்தால் வாத்து விழுந்தது என்று கணக்கு. படக்குழாய்த் தொலைக்காட்சி படத்தைத் தாமதமின்றி வரைந்ததால் மட்டுமே இது நடந்தது. இப்போதைய தட்டைத் திரைகள் படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் பழைய துப்பாக்கி அவற்றின் முன் பயனற்றுப் போகிறது. நிண்டெண்டோவின் ரோபோவும் இதே முறையில்தான் திரையின் மினுக்கத்தைப் பார்த்துக் கட்டளை பெற்றது. பிள்ளைகளின் சாமான் என்று ஒதுக்கப்பட்டதற்குள் இவ்வளவு பொறியியல் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தத் துப்பாக்கியை அதிகம் பிடித்திருந்தவர் என் பாட்டா. பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றவர், மின்சாரம் இருக்கும் மாலைகளில் செய்தி தொடங்கும்வரை வாத்து சுடுவார். வெளி ஆள் யாராவது படியேறும் சத்தம் கேட்டால் துப்பாக்கியை என் மடியில் போட்டுவிடுவார்.

பாட்டா மறைத்ததை வெட்கமில்லாமல் விற்கலாம் என்று கண்டுகொண்டது சோனி. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன், நிண்டெண்டோவோடு வளர்ந்து இருபதுகளை எட்டியவர்களைக் குறிவைத்தது. இங்கிலாந்தில் அதை இரவு நடன விடுதிகளில் வைத்து விளம்பரப்படுத்தினார்கள். 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி படங்களையும் ஓட்டியதால் வீட்டில் படம் பார்க்கும் கருவியாகவும் நுழைந்தது. 15 கோடிக்கும் மேல் விற்றது. அதைக் கணினி என்று வகைப்படுத்த வேண்டும், விளையாட்டுப் பொருள் என்று அன்று, எனச் சோனி ஐரோப்பாவில் வழக்காடியது. காரணம் சுங்கவரி. கணினிக்கு வரி இல்லை, விளையாட்டுப் பொருளுக்கு உண்டு. வாதத்துக்கு வலுச்சேர்க்கும் வகையில் ஐரோப்பியப் பதிப்போடு நிரல் எழுதும் மென்பொருள் ஒன்றையும் வட்டில் சேர்த்துக் கொடுத்தார்கள். ரோபோவைச் சேர்த்துப் பொம்மையாக்கினார் ஒருவர், நிரல்மொழியைச் சேர்த்துக் கணினியாக்கினார் இன்னொருவர். என் தொழிலில் இதைவிட நேர்த்தியான இரட்டை உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சோனியின் வாதத்தில் உண்மையும் இருந்தது. அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 3 கருவிகள் 1,700க்கும் மேற்பட்டவற்றை ஒன்றாக இணைத்து அமெரிக்க விமானப்படை 2010இல் ஒரு மீக்கணினியையே கட்டியது.

இன்று விலையைப் பார்த்தாலே ஐயம் தீர்ந்துவிடும். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோது வட்டு போடும் பதிப்பின் விலை 49,990 ரூபாய். அப்போது பெரிய ஆட்டம் ஒன்று 4,999 ரூபாய். நிண்டெண்டோ இங்கே நேரடியாகக் கடை விரிக்காததால் அதன் ஸ்விட்ச் கருவி இன்றும் பழைய வழியில், துபாயிலிருந்தும் தோகாவிலிருந்தும் வரும் பெட்டிகளில்தான் நம் மாவட்டத்தில் இறங்குகிறது. எந்தச் சிறுவனும் தன் சேமிப்பில் வாங்கும் பொருட்கள் அல்ல இவை. அமெரிக்காவில் விளையாடுவோரின் சராசரி வயது முப்பதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன என்று அங்குள்ள தொழில்துறைச் சங்கத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. நம் ஊருக்கு அப்படிக் கணக்கெடுத்தவர் இல்லை, ஆனால் ஆட்களைப் பார்க்க முடியும்.

பார்க்க வேண்டிய இடம் கடற்கரை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் படகுகள் கரையில் கிடக்கும். மழையும் அப்போதுதான் கொட்டும் என்பதால் மணலில் பந்தும் ஆட முடியாது. நம் கடலோர ஊர்களுக்குக் கால்பந்து எவ்வளவு முக்கியம் என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். உலகக் கோப்பை நடக்கும் ஆண்டில் தூத்தூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் பிரேசில், அர்ஜென்டினா கொடிகளுக்கு நடுவே ஊரைத் தேட வேண்டியிருக்கும். அந்தத் தடைக்காலத்தில் குளச்சலுக்கு அருகே உள்ள ஒரு கழகத்துக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். சுவரில் மாட்டிய தொலைக்காட்சிக்கு முன் இருபதுக்கும் மேற்பட்டோர். ஃபிஃபா என்று அவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாலும், உரிம உடன்பாடு முடிந்துபோனதால் 2023 முதல் அந்தக் கால்பந்து வீடியோ கேமுக்கு இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று பெயர். வெற்றி பெற்றவர் தொடர்ந்து ஆடலாம், தோற்றவர் எழுந்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. ஆடியவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். உள்ளங்கைகளில் கயிறு அறுத்த தழும்பு இருந்தது. பெரும்பாலோர் முப்பதைக் கடந்தவர்கள். வாசலில் நின்ற சிறுவர்களை, "லே, போய்ப் படிங்கலே" என்று ஒருவர் விரட்டிக்கொண்டிருந்தார். அந்த அறையில் கன்சோல் சிறுவர்களின் பொருளா என்று கேட்டிருந்தால் கேள்வியே அவர்களுக்குப் புரிந்திருக்காது.

இதுவரை சொன்னது பெரியவர்களின் பக்கம். எனக்கு உண்மையில் கவலை தருவது மறுபக்கம். பொம்மை என்று நினைத்து வாங்கும் பெற்றோர், பொம்மைக்குரிய அசட்டையோடு அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறார்கள். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வரிசையில் 2002இல் வந்த வைஸ் சிட்டி, போதைப்பொருள் கடத்தலும் கொலையும் கதையாகக் கொண்டது. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றும் பிரிட்டனில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றும் குறியிட்டு விற்கப்பட்டது. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் அக்காலத்துப் பிரௌசிங் சென்டர்களில் அதை ஆடிக்கொண்டிருந்தவர்கள் பள்ளிச் சீருடையில் இருந்த பிள்ளைகள். வயது வந்தோருக்கான திரைப்படத்துக்கு எட்டாம் வகுப்புப் பையனைக் கூட்டிப் போக ஒருபோதும் ஒப்பாத தகப்பனார், அதே பையனுக்கு அந்த வரிசையில் அடுத்து வந்த வட்டைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் அல்லர். கேம் என்றால் பிள்ளைகளுக்கானது, பிள்ளைகளுக்கானது என்றால் தீங்கில்லாதது என்று அவருக்குக் காலம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அமெரிக்கா இதே குழப்பத்தை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. தலையைப் பிய்த்தெடுக்கும் காட்சியோடு மார்ட்டல் காம்பாட் 1993இல் வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தபோது, பிள்ளைகளின் பொருளில் இதுவா என்று அந்நாட்டு மேலவை விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994இல் தொழில்துறையே இஎஸ்ஆர்பி என்ற தரக்குறி வாரியத்தை அமைத்துக்கொண்டது. ஐரோப்பாவில் 2003இல் பெகி என்ற வயதுக் குறி முறை வந்தது. நம் ஊரில் விற்கும் வட்டுகளின் உறையில் பெரும்பாலும் இருப்பது பெகி குறிதான். 3, 7, 12, 16, 18 என்ற ஐந்து எண்களுள் ஒன்று உறையின் கீழ்மூலையில் அச்சாகியிருக்கும். அது ஆட்டத்தின் கடினத்தைக் குறிக்கும் எண் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பிள்ளை கெட்டிக்காரன், பதினெட்டே வாங்கலாம் என்று ஒருவர் சொன்னதும் உண்டு.

கன்சோலைப் பெரியவர் பொருளாக ஏற்றுக்கொண்டால் விளையாட்டுப் போதை என்ற சிக்கல் தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். தீராது. உலக சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் விளையாட்டு அடிமைநிலையைச் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு வயது வரம்பு எதுவும் சொல்லப்படவில்லை. அதே மூச்சில் செல்பேசி ரம்மியையும் கன்சோலையும் சேர்த்துப் பேசுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இலும் நாடாளுமன்றம் 2025இலும் சட்டம் இயற்றியிருக்கின்றன. குடும்பங்களை அழித்தது அது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கருவி வாங்கி நட்டமடைந்தவர் உண்டெனினும் அந்த நட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு.

பெரியவர்களுக்கு இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் காட்டுவது வெண்பா என்ற ஆட்டத்தை. டொரொண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்டது, கன்சோல்களிலும் கிடைக்கிறது, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதியும் அவர்கள் மகனும்தான் கதை. சுடுவதற்கு எதுவும் இல்லை. மனைவிக்கு அவள் தாய் எழுதித் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறை படிந்தும் போயிருக்க, அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். இடையே, தமிழ் பேச வெட்கப்படும் மகன் தாயை விட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் மகன் ஆடிப் பார்த்துவிட்டுச் சமையல் புதிர் நன்றாக இருக்கிறது, நடுவில் பேச்சு அதிகம் என்றான். என் மனைவி ஆடினார். அபுதாபியில் பிள்ளைகளோடு இருக்கும் தங்கையை அன்றிரவே தொலைபேசியில் அழைத்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆட்டம் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் கன்சோலின் முதன்மைக் கணக்கு என் பெயரில் இருக்கிறது. மகனுக்கென்று தனியாகச் சிறுவர் கணக்கு. எந்த வயதுக் குறிவரை ஆடலாம், ஒரு நாளில் எவ்வளவு நேரம், கடையில் எவ்வளவு செலவு செய்யலாம் என்ற மூன்றையும் குடும்ப நிர்வாகப் பகுதியில் வரையறுக்க முடியும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸிலும் நிண்டெண்டோவின் ஸ்விட்சிலும் இத்தகைய கட்டுப்பாடுகள் உண்டு. இதைச் செய்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பெரியவர்களும் பயன்படுத்துவார்கள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டதால்தான் அதற்குள் சிறுவர்களுக்கென்று ஒரு வேலி போட இடம் விட்டிருக்கிறார்கள். வாங்கியதும் பெட்டியோடு பிள்ளையிடம் கொடுத்துவிடுகிற வீட்டில் அந்த வேலி போடப்படுவதே இல்லை, ஏனெனில் கணக்கைத் திறப்பவனே பிள்ளை. பிறந்த ஆண்டை 1990 என்று போட அவனுக்குத் தெரியும்.

என்னிடம் கணக்குக் கொடுத்திருக்கும் அந்த மின்னணுக் கடைக்காரரின் அலமாரிகளில் கன்சோல்கள் நெடுங்காலம் ரிமோட் கார்களுக்கும் கரடிப் பொம்மைகளுக்கும் நடுவே இருந்தன. சென்ற ஆண்டு அவற்றைத் தொலைக்காட்சிப் பிரிவுக்கு மாற்றினார். என் வாதங்களைக் கேட்டு மனம் மாறியதாக நான் எண்ணவில்லை. வாங்குகிறவர்கள் தவணைக்கு வாங்குகிறார்கள், கூடவே திரையும் ஒலிபெருக்கியும் கேட்கிறார்கள் என்பதை அவருடைய விற்பனைச் சீட்டுகளே காட்டிவிட்டன. இன்னொன்று செய்யச் சொல்லி நான் கேட்டுக்கொண்டேன்: 18 என்று குறியிட்ட வட்டை விற்கும்போது, கல்லாவில் இருப்பவர் அந்த எண்ணைத் தொட்டுக்காட்டி, இது வயது, கடினம் அன்று என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வியாபாரம் கெடும் என்று முதலில் தயங்கியவர் பிறகு ஒப்புக்கொண்டார். போன மாதக் கணக்கை வாங்கப் போனபோது விசாரித்தேன். சிலர் முகம் சுளித்துக்கொண்டு அதையே வாங்கிப் போனார்களாம். இரண்டு தகப்பன்மார் மட்டும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பையன் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, கால்பந்து வட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம்.